ஆறு மணிக்கு மேல் போட்ட என்ட்ரி

அக்கா: மறுபடியும் பாரு.

தம்பி: பார்த்துட்டேன்கா.

அக்கா: கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு.

தம்பி: கண்ணாடியைத் துடைச்சா நம்பர் மாறிடுமா? ஆயிரத்து எண்ணூறு. நம்ம புக்குல, பேங்க்ல இருக்கறதை விட ஆயிரத்து எண்ணூறு குறைவு.

அக்கா: நேத்து நாம எழுந்து போறப்ப எவ்வளவு?

தம்பி: தொள்ளாயிரம்.

அக்கா: கூடவா, குறைவா?

தம்பி: கூட. நம்ம புக்குல தொள்ளாயிரம் கூட இருந்துச்சு. நீங்கதானே சத்தமா படிச்சீங்க. படிச்சுட்டு மானிட்டரை அணைச்சு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, "எழுந்திரு, ஆறு அடிச்சாச்சு"ன்னு...

அக்கா: சாயங்காலம் தொள்ளாயிரம் கூட இருந்தது, காலையில ஆயிரத்து எண்ணூறு குறைவுன்னு எப்படிப்பா ஆகும்? கணக்குக்குக் கால் முளைச்சுதா?

தம்பி: அதான் எனக்கும்...

அக்கா: யாரும் தொடலையே?

தம்பி: யாரு தொடுவாங்க? நாமதான் ஆறு மணிக்குப் போயிட்டோமே.

அக்கா: ஆமா. போயிட்டோம்.

தம்பி: ஒண்ணாத்தானே போனோம்.

அக்கா: ஒண்ணாத்தான் போனோம். ஆபீஸ் கேட்டு வரைக்கும்.

தம்பி: ...என்ட்ரி லிஸ்ட்டைத் திறந்து பார்த்துடலாமா?

அக்கா: வேண்டாம்.

தம்பி: சரி, வேண்டாம்.

அக்கா: இல்ல... அது திறக்கறதுக்கே நேரம் பிடிக்கும்.

தம்பி: ஆமாக்கா, ரொம்ப நேரம் பிடிக்கும். திறந்து மட்டும் என்ன தெரியப் போகுது? மூணு பேருக்கும் ஒரே லாகின். ஆளுக்கு ஒண்ணு வாங்கினா செலவாகும்னு முதலாளி ஒண்ணுதானே வாங்கிக் குடுத்தாரு. யார் தட்டினாலும் "அக்கவுண்ட்ஸ்"னுதான் விழும்.

அக்கா: மூணு பேர்னு யாரைச் சொல்ற? மேனேஜரையுமா? அவர் அந்த லாகினைத் திறந்து எந்தக் காலம் ஆச்சு. அவருக்குக் கையெழுத்து போடறதுக்கே கை வலிக்குதாம்.

தம்பி: எதுக்கு இப்ப அவர் மேல எரிஞ்சு விழறீங்க?

அக்கா: எல்லார் மேலயும் எரிச்சலா இருக்கு. பத்து மணிக்கு முதலாளி வந்து உட்காருவாரு. மாசக் கணக்கு எங்கேன்னு கேட்பாரு. நாம என்ன சொல்றதுன்னு பேசி வெச்சோம்? சொல்லு.

தம்பி: தெரியும்கா.

அக்கா: சொல்லு. வாயைத் திறந்து சொன்னாத்தான் எனக்கு தைரியம் வரும்.

தம்பி: "முடியலை சார். ஆறு மணி வரைக்கும் செஞ்சா இவ்வளவுதான் வரும். மாசா மாசம் உங்களுக்கு முழுசா வந்தது எல்லாம் ஆறு மணிக்கு மேல நாங்க உட்கார்ந்து செஞ்சது. அதுக்கு ஓவர்டைம் குடுங்க. இல்லைன்னா ஆறு மணிக்கு விட்டுடுங்க."

அக்கா: அவ்வளவுதான். இதை விட எளிமையா ஒரு மனு எழுத முடியுமா? பேங்க் டேலி ஆகாம, அந்தத் தொள்ளாயிரம் வித்தியாசம் அப்படியே பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கணும். அதான் நம்ம சாட்சி. அதை நேத்து அப்படியே விட்டுட்டுப் போறதுக்கு எனக்கு எவ்வளவு...

தம்பி: எனக்கும்தான்கா.

அக்கா: இத்தனை வருஷத்துல டேலி ஆகாம நான் எழுந்ததே இல்ல. என் கல்யாணத்துக்கு முதல் நாள் கூட முடிச்சுட்டுத்தான் போனேன்.

தம்பி: இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கீங்க.

அக்கா: நூத்தி ஒண்ணுன்னு வெச்சுக்கோ. இப்ப நம்ம சாட்சி எங்கே? தொள்ளாயிரத்தைக் காணோம். அதுக்கு பதிலா தலைகீழா ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கு. முதலாளி பார்த்தா என்ன சொல்வாரு? "நேரம் பத்தலைன்னு சொல்றீங்களே, உங்களுக்குப் பத்தாதது நேரம் இல்ல, மூளை"ன்னு சொல்வாரு. ஓவர்டைம் கேட்க வந்தவங்க கணக்கு தெரியாதவங்கன்னு ஆயிடும்.

தம்பி: போன தடவை கேட்டப்ப என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?

அக்கா: மறக்குமா? "ஆறு மணிக்கு மேல போட்ட ஒரே ஒரு என்ட்ரி காட்டுங்க, பணத்தைக் கையில எண்ணி வைக்கறேன்"னாரு.

தம்பி: எங்கேருந்து காட்டறது? ஆறு மணிக்கு மேல எதைத் தட்டினாலும் அது எங்கேயோ போய்ப் பதுங்கிக்குது. காலையில ஒன்பதுக்குத்தான் புக்குல ஏறுது. நேரமும் ஒன்பதுன்னே விழுது. அதுவரைக்கும் போட்டவன் கண்ணுக்கே தெரியாது. பேப்பர்ல கூட்டித்தான் டேலி பார்க்கறோம்.

அக்கா: பாதுகாப்புக்காக அப்படி வெச்சிருக்காங்களாம்.

தம்பி: யாருக்குப் பாதுகாப்பு?

அக்கா: யாருக்கோ. ஏசியும் ஆறுக்கு நின்னுடும், ஞாபகம் வெச்சுக்கோ. ஆறு மணிக்கு மேல இங்கே யாருமே இல்லையே, ஏசி எதுக்கு? அப்ப என் முதுகுல வழியற வேர்வை யாரோடதுன்னு கேட்கணும்.

தம்பி: அதையும் மனுவுல எழுதியிருக்கலாம்.

அக்கா: எழுதியிருந்தேன். நீதான் அடிச்சே, மரியாதையா இல்லைன்னு.

தம்பி: அதை விடுங்க. பட்டறையில மெஷின் ஓட்டறவங்களுக்கு ஆறுக்கு மேல கால் மணி நேரம் ஆனாலும் ரெட்டைச் சம்பளம். வாங்கட்டும், உடம்பு தேயுது அவங்களுக்கு. ஆனா அதை ஆள் ஆளா, கால் மணி கால் மணியா கணக்குப் போட்டுக் குடுக்கறது யாரு? நாம. எப்ப போடறோம்?

அக்கா: ஆறு மணிக்கு மேல.

தம்பி: சும்மா.

அக்கா: சும்மான்னு சொல்லாதே. கார்டு குடுத்தாங்களே.

தம்பி: என்ன கார்டு? ஓ... அந்த விசிட்டிங் கார்டா.

அக்கா: "உதவி நிதி அதிகாரி." ஒரு டப்பா நிறைய. அன்னிக்குக் காலையில வரைக்கும் நான் கணக்குப் பிள்ளை, எனக்கு ஓவர்டைம் உண்டு. மத்தியானம் கார்டு குடுத்தாங்க, அதிகாரி ஆயிட்டேன். அதிகாரிக்கு ஓவர்டைம் கிடையாது. நான் என்னடான்னா அதை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடிப் போய் எல்லாருக்கும் காட்டினேன். மாமியார் கூட ஒண்ணு வாங்கிக் கும்பிட்டு வெச்சுக்கிட்டாங்க.

தம்பி: இப்ப எங்கே அந்த டப்பா?

அக்கா: சாப்பாட்டு மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதுக்கு அடியில நாலு கார்டு மடிச்சு வெச்சிருக்கேன். அதிகாரி நல்லாத் தாங்கறாங்க.

தம்பி: ...அக்கா.

அக்கா: என்ன?

தம்பி: நேத்து வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீங்க?

அக்கா: வெளிச்சத்துலயே போயிட்டேன். கதவைத் திறந்துட்டு மாமியார், "உடம்பு சரியில்லையா?"ன்னாங்க. வீட்டுக்காரரு நெத்தியில கையை வெச்சுப் பார்த்தாரு. கடைசியில மெதுவா, "வேலை போயிடுச்சா? பரவாயில்ல, சொல்லு"ன்னாரு. பொண்டாட்டி ஆறு மணிக்குக் கிளம்பி வந்தா வேலை போயிடுச்சுன்னு நினைக்கற நிலைமைக்கு வந்துட்டோம். நீ?

தம்பி: குழந்தை முழிச்சிருந்துச்சுக்கா.

அக்கா: அட.

தம்பி: வேலை நாள்ல அது முழிச்சிருந்து நான் பார்த்ததே இல்ல. தூக்கினேன். வீல்னு ஒரே அழுகை. யாரோ திருடன் தூக்கிட்டான்னு நினைச்சுச்சு போல. வீட்டுக்காரி சொல்றா, "அது உன் அப்பாடா, ஞாயித்துக்கிழமை வர்றவரு"ன்னு.

அக்கா: சிரிக்காதே. எனக்கு வயிறு எரியுது.

தம்பி: நான் எங்கே சிரிச்சேன்? அப்புறம் பழகிடுச்சு. மடியில உட்கார்ந்துக்கிட்டு என் ஃபோனைப் பிடுங்கிப் பிடுங்கி... அதுக்குத் தெரியுமா பேங்க் கமிஷன் என்ட்ரி பாதியில நிக்குதுன்னு...

அக்கா: என்ன சொன்னே?

தம்பி: குழந்தை ஃபோனைப் பிடுங்குச்சு.

அக்கா: அதுக்கு அப்புறம்.

தம்பி: அப்புறம் தூங்கிடுச்சு.

அக்கா: பேங்க் கமிஷன்னியே.

தம்பி: சொன்னேனா?

அக்கா: தொள்ளாயிரம் எதனாலன்னு நேத்து ஆறு மணி வரைக்கும் நமக்குத் தெரியாது. ரெண்டு பேரும் தலையைப் பிய்ச்சுக்கிட்டு விட்டுட்டுத்தான் போனோம். உனக்கு எப்படித் தெரியும் அது பேங்க் கமிஷன்னு?

தம்பி: ...குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன்கா. சும்மா இருந்த மூளையில பளிச்சுனு வந்துச்சு. பாய்லர் கம்பெனிக்கு அனுப்பின பணத்தோடயே பேங்க் தன் கமிஷனையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. தனியா காட்டலை. அதான் நமக்குத் தெரியலை.

அக்கா: தெரிஞ்சுது. சரி. தெரிஞ்சதும் என்ன செஞ்சே?

தம்பி: ஒண்ணும் செய்யலை.

அக்கா: என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

தம்பி: ...போட்டுட்டேன்.

அக்கா: போட்டுட்டியா.

தம்பி: ஃபோன்லயே. ஒரே ஒரு என்ட்ரி. ரெண்டு நிமிஷம் கூட ஆகலைக்கா. போடாம இருந்தா கஞ்சி உள்ளே இறங்க மாட்டேங்குது. எனக்கில்ல, நான் ஊட்டற கஞ்சி. ஸ்பூனை மூக்குல கொண்டு போய்...

அக்கா: வெட்கமா இல்ல உனக்கு?

தம்பி: இருக்கு.

அக்கா: கூடப் பிறந்த தம்பியா இருந்திருந்தா இந்நேரம் அறைஞ்சிருப்பேன். ஒரே ஒரு சாயங்காலம். அது ஒண்ணைத்தான் கேட்டேன். கை வைக்காம இரு, அப்படியே கிடக்கட்டும்னு. கேட்டுல நின்னு கைமேல அடிச்சு சத்தியம் பண்ணினியே.

தம்பி: பண்ணினேன்.

அக்கா: ஆறு மணிக்கு மேல உழைக்கறதுக்குப் பணம் கேட்கப் போற மனுஷன், முதல் நாள் ஆறு மணிக்கு மேல சும்மா உழைச்சுட்டு வந்து நிக்கறான். நீ எல்லாம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு முதலாளி எதிர்ல நிப்பே? இப்படி ஒரு ஆளை நம்பித்தானே அவரு நிம்மதியாத் தூங்கறாரு. காசு குடுக்காட்டியும் இவனுங்க செய்வானுங்கன்னு அவருக்குத் தெரியும். நம்மளை விட நம்மளை நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கறவரு அவருதான்.

தம்பி: திட்டுங்க. திட்டி முடிச்சுட்டு ஒரு சின்ன கணக்கு போடலாம்.

அக்கா: என்ன கணக்கு? நீ போட்ட கணக்கு போதும்.

தம்பி: தொள்ளாயிரம் கூட இருந்துச்சு. நான் தொள்ளாயிரம் கழிச்சேன். அப்ப என்ன வரணும்?

அக்கா: ...பூஜ்ஜியம்.

தம்பி: பூஜ்ஜியம் வரணும். டேலி ஆகியிருக்கணும். ஏன் ஆகலை?

அக்கா: அவசரத்துல தப்பாப் போட்டிருப்பே. குழந்தை கைபட்டு...

தம்பி: குழந்தை ஆயிரத்து எண்ணூறு தட்டுமா? இன்னும் பல்லே முளைக்கலை அதுக்கு.

அக்கா: தட்டறதுக்குப் பல்லு எதுக்கு?

தம்பி: பேச்சை மாத்தாதீங்க. ஒரு தொள்ளாயிரம் கழிச்சா பூஜ்ஜியம். ரெண்டு தடவை கழிச்சா தொள்ளாயிரம் குறைவு. மூணு தடவை கழிச்சாத்தான் ஆயிரத்து எண்ணூறு குறைவு. நான் ஒரு தடவைதான் போட்டேன்.

அக்கா: சிஸ்டம் தானா திருப்பிப் போட்டிருக்கும். ஓட்டை சிஸ்டம்.

தம்பி: அக்கா, நேத்து உங்களுக்கு ஃபோன் பண்ணினேன்.

அக்கா: அப்படியா. கவனிக்கலை.

தம்பி: ரெண்டு தடவை பண்ணினேன். என்ட்ரியைப் போட்டுட்டு மனசு உறுத்துச்சு, சொல்லிடலாம்னு. நீங்க எடுக்கவே இல்ல.

அக்கா: சமையல்ல இருந்தேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன், கையெல்லாம்...

தம்பி: லைன் பிஸின்னு வரலை. மணி அடிச்சுது. ஒரே அடியில நீங்களே கட் பண்ணினீங்க. வெங்காயக் கையால கட் பண்ண முடியுது, எடுக்க முடியலையா?

அக்கா: ...கட் பண்ணலைன்னா பாதியில போயிருக்கும்.

தம்பி: எது பாதியில போயிருக்கும்?

அக்கா: என்ட்ரி.

தம்பி: அக்கா.

அக்கா: பேசாதே.

தம்பி: என் கைமேல அடிச்சு சத்தியம் வாங்கினீங்களே.

அக்கா: பேசாதேன்னு சொல்றேன்ல.

தம்பி: இவ்வளவு நேரம் என்னை நார் நாராக் கிழிச்சீங்களே. வெட்கமா இல்லைன்னீங்க, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுன்னீங்க...

அக்கா: எனக்கு நானே சொல்லிக்கிட்டதையும் சேர்த்துத்தான் சொன்னேன். நீ எதிர்ல இருந்தே, உன் மேல விழுந்துச்சு.

தம்பி: நல்ல நியாயம்.

அக்கா: வெங்காயத்தை உரிச்சா கண்ணுல தண்ணி வருது. வீட்டுக்காரரு நான் வேலை போன துக்கத்துல அழறேன்னு நினைச்சுக்கிட்டு முதுகைத் தடவிக் குடுக்கறாரு. அந்த நேரம் பார்த்து எனக்கு பாய்லர் கம்பெனி ஞாபகம் வருது. அவர் கையைத் தட்டி விட்டுட்டு ஃபோனைத் தேடிக்கிட்டு ஓடறேன். மனுஷன் அப்படியே நின்னாரு. எத்தனையோ நாளைக்கு அப்புறம் வெளிச்சத்துல என் முகத்தைப் பார்த்த மனுஷன். எனக்கே என்னை நினைச்சா... சீ.

தம்பி: விடுங்கக்கா.

அக்கா: என்ன விடறது? வித்தியாசம் இருக்குன்னு தெரிஞ்சா என்னால உட்கார முடியலை. அது ஒரு வியாதி. வியாதிக்கு யாரும் சம்பளம் குடுக்க மாட்டாங்க.

தம்பி: சரி. நான் ஒண்ணு, நீங்க ஒண்ணு. ரெண்டாச்சு. தொள்ளாயிரம்தான் குறையணும். இன்னொரு தொள்ளாயிரம்?

அக்கா: நீ ரெண்டு தடவை அமுக்கிட்டே.

தம்பி: நானா? நீங்கதான் வெங்காயக் கை...

அக்கா: நானா? என் சர்வீஸ்ல ஒரு என்ட்ரியை ரெண்டு தடவை போட்டதா காட்டு, இந்த வேலையையே விட்டுடறேன்.

தம்பி: எனக்கு மட்டும் என்னவாம்? குழந்தையை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்தி, ஒத்தை விரலால, பார்த்துப் பார்த்து...

மேனேஜர்: என்ன சத்தம்? வராந்தா வரைக்கும் கேட்குது. கணக்கு ரெடியா?

அக்கா: வாங்க சார். ரெடி ஆகலை.

மேனேஜர்: ஆகலையா? முதலாளி இதோ வந்துக்கிட்டு இருக்காரு. நான் அவர்கிட்ட என்ன சொல்றது?

அக்கா: நேத்தே உங்ககிட்ட மனுவைக் காட்டினோமே சார்.

மேனேஜர்: அந்த மனுவைப் பத்தி நேத்தே நான் சொல்லிட்டேன். நீங்க அதிகாரிங்க. அதிகாரிக்கு ஓவர்டைம் கிடையாது. எனக்குக் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. முதலாளி கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன். ஆறு மணிக்கு மேல இங்கே யாரும் இருக்கறதில்லைன்னும் சொன்னேன்.

தம்பி: அப்படியா சொன்னீங்க சார்?

மேனேஜர்: வேற என்ன சொல்லச் சொல்ற? ரெக்கார்டுல எது இருக்கோ அதைத்தான் சொல்ல முடியும். சரி, வித்தியாசம் எவ்வளவு? பூஜ்ஜியம்தானே காட்டணும்... அதாவது, எவ்வளவு காட்டுது?

தம்பி: ஆயிரத்து எண்ணூறு சார். குறைவு.

மேனேஜர்: ஆயிரத்து எண்... இரு, இரு. ஆயிரத்து எண்ணூறா? அடப் பாவிங்களா. ரெண்டு பேருமே போட்டுட்டீங்களா?

அக்கா: என்ன சார் போட்டோம்?

மேனேஜர்: மறைக்காதீங்க. ஆறு மணிக்குப் போறோம், போராட்டம் பண்றோம்னு வீராப்பா எழுந்து போனீங்க. வீட்டுக்குப் போய் ஆளுக்கு ஒரு தடவை அந்த பேங்க் கமிஷனைப் போட்டுட்டு வந்திருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு மனு? சீக்கிரம் அதிகமா ஏறினதை எடுத்துட்டு பிரிண்ட் போடுங்க. நான் என் ரூமுக்குப் போறேன்.

அக்கா: சார், ஒரு நிமிஷம்.

மேனேஜர்: நேரம் இல்லம்மா.

அக்கா: அது பேங்க் கமிஷன்னு உங்களுக்கு யார் சொன்னது?

மேனேஜர்: ...நீங்கதான் சொன்னீங்க.

அக்கா: நாங்க சொல்லலையே.

மேனேஜர்: வராந்தாவுல காதுல விழுந்திருக்கும்.

தம்பி: வராந்தாவுல வெங்காயம்தான் சார் கேட்டிருக்கும். நீங்க வந்தப்ப நாங்க வெங்காயத்துல இருந்தோம்.

மேனேஜர்: அனுபவம்தான், வேற என்ன? தொள்ளாயிரம்னா கமிஷனாத்தான் இருக்கும்னு யூகிக்கத் தெரியாதா எனக்கு? நானும் இதே நாற்காலியில உட்கார்ந்து தேய்ச்சவன்தான்.

அக்கா: அப்ப ஆயிரத்து எண்ணூறுன்னதும் ரெண்டு பேரும் போட்டிருக்கோம்னு எப்படிச் சட்டுனு கண்டுபிடிச்சீங்க? எங்களுக்கே இன்னும் கணக்கு ஒத்து வரலை சார். நாங்க ரெண்டு பேரு போட்டா தொள்ளாயிரம்தான் குறையும்.

மேனேஜர்: நீங்க யாராவது ரெண்டு தடவை...

அக்கா: இல்ல சார். அந்தச் சண்டையை இப்பத்தான் போட்டு முடிச்சோம்.

தம்பி: "பூஜ்ஜியம்தானே காட்டணும்"னு வேற சொன்னீங்க சார்.

மேனேஜர்: வாய் தவறிச் சொல்லியிருப்பேன்.

அக்கா: உட்காருங்க சார். தண்ணி குடிங்க. நேத்து நீங்க எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க?

மேனேஜர்: நீங்க ரெண்டு பேரும் போனதுக்கு அப்புறம் இந்த ரூம்ல நான் மட்டும் தனியா என்ன பண்றது? பின்னாலேயே கிளம்பிட்டேன். மணி அடிச்சேன், வீட்டம்மா கதவைத் திறக்கலை. "இந்நேரத்துல யாரும் வர மாட்டாங்களே"ன்னு உள்ளேயிருந்தே பதில் வருது. நான்தான்னு சொல்லி நம்ப வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

தம்பி: அப்புறம் சார்?

மேனேஜர்: அப்புறம் என்ன? டிவி பார்த்தேன்.

அக்கா: என்ன பார்த்தீங்க?

மேனேஜர்: ...என்னவோ ஓடுச்சு.

அக்கா: எனக்கு ஒண்ணு தோணுது. தம்பி, நீயும் கேளு. ஆறு மணிக்கு மேல போட்ட ஒரே ஒரு என்ட்ரி காட்டுங்கன்னாரே முதலாளி. இன்னிக்குக் காட்டலாம்.

தம்பி: எப்படிக்கா? எல்லாத்துலயும் ஒன்பதுன்னுதானே விழுந்திருக்கும்.

அக்கா: விழட்டுமே. ஒரே கமிஷன், மூணு என்ட்ரி. பகல்ல போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? முதல் ஆளு போட்ட உடனே டேலி ஆகியிருக்கும். அடுத்த ஆளு எதுக்குப் போடப் போறாரு? ஒருத்தர் போட்டது இன்னொருத்தர் கண்ணுக்குத் தெரியாத நேரம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு இந்தக் கம்பெனியில.

தம்பி: ஆறு மணிக்கு மேல.

அக்கா: அவங்க பூட்டி வெச்சதாலதான் மூணு தடவை ஏறியிருக்கு. நாம வேலை செய்யறதை மறைக்கறதுக்குன்னு ஒரு திரை போட்டாங்க. திரைக்குப் பின்னாடி மூணு பேரு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம முட்டிக்கிட்டு விழுந்திருக்கோம். அந்த ஆயிரத்து எண்ணூறை நான் எடுக்கப் போறதில்ல. அப்படியே கொண்டு போய் அவர் மேஜையில வைக்கப் போறேன். ஆறு மணிக்கு மேல யாருமே இல்லைன்னா இது யாரு போட்டதுன்னு அவரே சொல்லட்டும்.

தம்பி: அக்கா... நாம சத்தியத்தை மீறினது நல்லதாப் போச்சுங்கறீங்க.

அக்கா: அதைப் பத்தி இனிமே பேசக் கூடாது.

மேனேஜர்: ஒத்துக்க மாட்டாரும்மா. அவரை எனக்குத் தெரியும். கை தவறி ஒரே ஆளு மூணு தடவை அமுக்கியிருப்பாருன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாரு.

அக்கா: சொல்வாரு. அதனாலதான் போட்டவங்க எதிர்ல நின்னு, நான் போட்டேன், இந்த இடத்துல, இந்தக் காரணத்துக்குன்னு ஆளுக்கு ஒரு தடவை சொல்லணும். நான் சொல்வேன்.

தம்பி: நானும் சொல்வேன். குழந்தையைக் கூட்டிக்கிட்டு வரணும்னாலும் வர்றேன்.

அக்கா: ரெண்டு பேரு ஆச்சு. ரெண்டு பேரு போட்டா தொள்ளாயிரம்தான் குறையும். முதலாளிக்கு எது தெரியாட்டியும் கழிக்கத் தெரியும். மீதித் தொள்ளாயிரம் எங்கேன்னு கேட்பாரு. அங்கேயே நம்ம மனு குப்பைத் தொட்டிக்குப் போயிடும்.

மேனேஜர்: நேத்துத்தான் அவர்கிட்ட, ஆறுக்கு மேல யாரும் இருக்கறதில்லைன்னு என் வாயால சொல்லியிருக்கேன்.

அக்கா: தெரியும் சார்.

மேனேஜர்: இந்த வயசுல எனக்கு வேற இடத்துல யாரு வேலை குடுப்பாங்க?

அக்கா: தெரியும் சார். கட்டாயப்படுத்தலை. ரெண்டு என்ட்ரியை எடுத்துட்டா டேலி ஆயிடும். பிரிண்ட் போட்டுக் குடுத்துடறோம். அடுத்த மாசமும் ஆறுக்கு மேல உட்காரலாம், ஏசி இல்லாம. நீங்க வாயைத் திறந்து சொன்னா உடனே எடுத்துடறேன்.

தம்பி: சார், கார் சத்தம் கேட்குது. வந்துட்டாரு.

அக்கா: என்ன சார்? எடுத்துடவா?

மேனேஜர்: கை வைக்காதீங்க... அந்த மனுவை இப்படி நகர்த்துங்க, பேனாவும் குடுங்க. மூணாவது கையெழுத்து எங்கே போடணும்? பக்கத்துலயே எழுதிடறேன்: நேத்து ராத்திரி, சாப்பாட்டுக்கு முன்னாடி, மொட்டை மாடியில, வீட்டம்மாவுக்குத் தெரியாம.